சேற்றுப்புண்ணுக்கும் படர்தாமரைக்கும் அயடீன்: எப்படிப் பூசுவது, எப்போது நிறுத்துவது

போன பெரும்போகத்தில் விதைப்பு முடிந்து மூன்றாம் கிழமை, என் வலது காலில் கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவில் தோல் வெள்ளையாக ஊறி உரியத் தொடங்கியது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற எங்கள் படுவான்கரையில் வயல் செய்கிற எவருக்கும் இது புதிதில்லை. சேற்றுப்புண் என்போம், மாரி முடிந்தால் போய்விடும் என்போம். எனக்குப் போகவில்லை. வீட்டில் கிடந்த பழுப்பு மருந்துப் போத்தலை எடுத்துப் பூசினேன். பூசினேன் என்பதைவிட ஊற்றினேன் என்பதே சரி. "காயத்துக்குப் போடுற மருந்துதானே மகன், கனக்க ஊத்து" என்று அம்மாவும் சொன்னார். இரண்டு மாதத்தில் அந்தச் சின்னச் சேற்றுப்புண் சுட்ட புண்ணாகி, தொடையிடுக்கில் படர்தாமரையும் வந்து, கடைசியில் கிளினிக் வரிசையில் போய் நின்றேன்.

நான் வைத்தியர் இல்லை. கிளினிக்கில் எனக்குச் சொல்லித் தந்ததையும், பிழைவிட்டுக் கற்றதையும் வரிசைப்படி எழுதுகிறேன். அயடீன் கெட்ட மருந்து இல்லை. அது செய்கிற வேலை ஒன்று, நாம் அதனிடம் எதிர்பார்க்கிற வேலை வேறு. சிக்கல் அங்கேதான்.

1. முதலில் இது பங்கஸ்தானா (பூஞ்சைதானா) என்று பாருங்கள்

சேற்றுப்புண் பெரும்பாலும் நாலாம் ஐந்தாம் கால்விரல்களுக்கு நடுவில்தான் தொடங்கும். தோல் வெள்ளையாக ஊறும், வெடிக்கும், கடிக்கும் (அரிப்பெடுக்கும்). கெட்ட மணமும் வந்தால் பங்கஸோடு பற்றீரியாவும் சேர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

படர்தாமரை வட்டமாக வரும். ஓரம் சிவந்து, கொஞ்சம் மேடாகி, செதில் உரியும். நடுப்பகுதி தெளிந்து வர ஓரம் மட்டும் வெளியே நகர்ந்துகொண்டு போகும். தொடையிடுக்கு, இடுப்பில் சாரம் கட்டும் இடம், அக்குள் எல்லாம் இதற்குப் பிடித்த இடங்கள்.

தேமல் வேறு. முதுகிலும் நெஞ்சிலும் கழுத்திலும் வெளிறிய புள்ளிகளாகப் பரவும், கடி பெரிதாக இராது. அதற்குக் கீற்றோகொனசோல் அல்லது செலேனியம் சல்பைட் உள்ள ஷாம்பூ போடச் சொல்வார்கள். முதுகு முழுக்க அயடீன் பூசுவது வீண் வேலை, ஆபத்தும்கூட. இன்னொன்று: பங்கஸ் செத்த பிறகும் தேமலின் வெளிறல் மறைய மாதக்கணக்காகும். நிறம் வரவில்லையே என்று மருந்தை மாற்றிக்கொண்டே போகாதீர்கள்.

வெளிறிய திட்டு ஒன்றில் கடி இல்லை, தொட்டாலும் உணர்ச்சி குறைவு, வியர்வையும் இல்லை, அந்த இடத்து மயிரும் உதிர்கிறது என்றால் எதையும் பூசாமல் நேரே தோல் கிளினிக்குக்குப் போங்கள். அது தொழுநோயாக இருக்கலாம். தொழுநோயாளரைக் கொண்டுபோய் வைத்த மாந்தீவை நினைத்துப் பயப்படுகிற காலம் போய்விட்டது. மருந்து இலவசம், நேரத்தோடு தொடங்கினால் ஊனமில்லாமல் முழுதாகக் குணமாகும். திட்டை ஒரு பஞ்சு நுனியால் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

பிள்ளைகளின் தலையில் வட்டமாக மயிர் கொட்டிச் செதில் உரிந்தாலும், நகம் மஞ்சளாகித் தடித்தாலும் அயடீன் வேண்டாம். மயிரின் வேருக்குள்ளும் நகத்துக்கு அடியிலும் இருக்கிற பங்கஸை அது எட்டாது. இரண்டுக்கும் பெரும்பாலும் வாயால் குடிக்கிற மருந்துதான்.

2. யார் அயடீன் பூசக் கூடாது

அயடீன் தோலுக்குள் ஊறி இரத்தத்தில் சேரும். தைரொயிட் சுரப்பி அதை எடுத்துக்கொள்ளும். ஆகவே தைரொயிட் வருத்தம் உள்ளவர்கள், கழுத்தில் கழலை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் நாட்கணக்கில் பூசக் கூடாது. பச்சிளம் பிள்ளைகளுக்குத் தொடவே கூடாது. சீனி வருத்தக்காரருக்குக் காலில் எந்தப் புண் வந்தாலும் வீட்டு வைத்தியம் கிடையாது.

"எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, அதனால் அயடீனும் ஆகாது" என்று எங்கள் பக்கம் பலர் சொல்வார்கள். வாவிக்கரையில் பிறந்து இறாலும் நண்டும் சாப்பிட முடியாதது துக்கம்தான். ஆனால் அந்த ஒவ்வாமை இறாலின் புரதத்தால் வருவது, அயடீனால் அல்ல. அயடீன் மருந்து பூசியே முன்பு தடித்திருந்தால்தான் தவிர்க்க வேண்டும். சந்தேகமென்றால் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் பாருங்கள்.

3. எந்தப் போத்தல்

பாமசியில் "அயடீன் தாங்கோ" என்று மட்டும் கேட்காதீர்கள். வெவ்வேறு சாமான்கள் அந்தப் பேரில் இருக்கின்றன.

உங்களுக்கு வேண்டியது பொவிடோன் அயடீன் 10 வீதக் கரைசல். பீட்டாடின் என்று சனம் சொல்வது இதைத்தான், வேறு கம்பனிப் பேரிலும் கிடைக்கும். அந்த 10 வீதம் முழுக்க அயடீன் இல்லை, பயன்படக்கூடிய அயடீன் சுமார் 1 வீதம்தான். மெல்ல மெல்ல வெளிவருவதால் தோலுக்குக் கடுமை குறைவு.

டிங்சர் அயடீன் மதுசாரத்தில் கரைத்தது. போத்தலில் 2 வீதம் என்று பார்த்து "இது மென்மையானது" என்று நினைத்துவிடாதீர்கள். அது உண்மையிலேயே 2 வீத அயடீன், மதுசாரம் வேறு. வெடித்த தோலில் பட்டால் உயிர் போகும்.

7.5 வீதம் என்று ஒன்று இருக்கும். அது சத்திரசிகிச்சைக்கு முன் கை கழுவுகிற, சவர்க்காரம் கலந்த வகை. நுரைத்துக் கழுவிவிட வேண்டியதைப் பூசி விட்டுவிட்டால் தோல் எரியும். தொண்டை கொப்பளிக்கிறதும் வேறு. லேபலை வாசியுங்கள், அல்லது மருந்தாளரை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

சின்னப் போத்தல் போதும், சில நூறு ரூபாவோடு முடிந்துவிடும். பெரிய போத்தல் மலிவு என்று வாங்கி நான் பாதியை வெயில் படுகிற யன்னலோரம் வைத்துக் கெடுத்தேன். காலாவதித் திகதியைப் பாருங்கள், திறந்த திகதியைப் போத்தலிலேயே எழுதி வையுங்கள். காதுக்குச்சி ஒரு பக்கற், பழைய வெள்ளைத்துணி கொஞ்சம், இவ்வளவுதான் மற்றச் செலவு.

4. பூசும் முறை

நான் விட்ட பிழை முழுக்க இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

வயலால் வந்ததும் காலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சேறு, சீழ், இரத்தம், உரிந்த தோல், எது இருந்தாலும் அயடீன் அதோடு சேர்ந்து தன் வேலையை இழந்துவிடும். நான் சேற்றுக் காலை வாய்க்கால் தண்ணியில் அலம்பிவிட்டு வரம்பில் இருந்துகொண்டே பூசினேன். பங்கஸுக்குப் போக வேண்டிய மருந்தைச் சேறு குடித்தது.

அப்புறம் துடையுங்கள். விரலிடுக்கில் துணியைக் கொடுத்து ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்து, ஐந்து நிமிடம் காற்றில் விடுங்கள்.

காதுக்குச்சியில் நனைத்து மெல்லிய பூச்சாக, புண்ணையும் அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்தையும் தொடுங்கள். வழியக் கூடாது. குச்சியைத் திரும்பப் போத்தலுக்குள் விடாதீர்கள். சின்ன மூடியில் கொஞ்சம் ஊற்றி எடுத்து, மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

இனிப் பொறுங்கள். அயடீன் பட்டவுடன் கிருமி சாகாது, ஆகக் குறைந்தது இரண்டு மூன்று நிமிடமாவது தோலில் இருந்து காய வேண்டும். பழுப்பு நிறம் இருக்கும்வரை அங்கே அயடீன் இருக்கிறது, நிறம் வெளுத்தால் தீர்ந்துவிட்டது. எனக்கு ஒரு பத்து நிமிடம் விட்டுக் கழுவித் துடைக்கச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு ஒரு தரம், கூடினால் இரண்டு தரம்.

ஈரம் காயாமல் மூடவே மூடாதீர்கள். நான் பஞ்சை அயடீனில் தோய்த்து விரலிடுக்கில் செருகி, மேலே பிளாஸ்டர் ஒட்டி, றப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு காலையிலிருந்து பின்னேரம் வரை வயலுக்கு எண்ணெய், அதாவது பூச்சி மருந்து, அடித்தேன். கழற்றும்போது தோல் பஞ்சோடு வந்தது. பங்கஸ் முற்றிவிட்டது என்று நினைத்து அன்று இரவு இன்னும் கூடப் பூசினேன். அது பங்கஸ் இல்லை, மருந்து சுட்ட புண். பூசிய இடத்தில் கடி போய் எரிச்சல் கூடினால், தோல் கறுத்துக் கொப்புளித்தால், கழுவிவிட்டு நிறுத்துங்கள். அதுக்கு மேலே இன்னொரு பூச்சு கிடையாது.

வேறு மருந்துகளோடு கலக்காதீர்கள். ஐதரசன் பெரொட்சைட்டை அதன்மேல் ஊற்றினால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். பழைய வீடுகளில் இன்னும் இருக்கிற சிவப்பு மருந்து, அதாவது மேர்க்கியூரோகுரோம், அயடீனோடு சேர்ந்தால் தோலை அரிக்கும். மஞ்சள், வேப்பிலை, தேங்காயெண்ணெய் எல்லாவற்றையும் ஒரே நாளில் அடுக்குவதும் வேண்டாம். எது சுட்டது, எது சுகமாக்கியது என்று பிறகு தெரியாது.

வாய், கண், பெண்களின் உள்ளுறுப்பு ஆகியவற்றில் வரும் பங்கஸுக்கு இந்தப் போத்தலைப் பாவிக்காதீர்கள்.

ஒரு வீட்டுக் குறிப்பு. அயடீனும் மாப்பொருளும் சந்தித்தால் கருநீலமாகும், கஞ்சி போட்ட வேட்டியில் எனக்கு அது நடந்தது. கறை பிடித்த துணியை விற்றமின் சீ குளிசையைக் கரைத்த தண்ணியில் நனைத்தால் நிறம் போய்விடும். துணிக்கு மட்டும் சொல்கிறேன், புண்ணுக்கு அல்ல.

5. அயடீனோடு நின்றுவிடாதீர்கள்

தோல் நிபுணர் எனக்கு விளக்கியது இது. அயடீன் தொட்ட கிருமியைக் கொல்லும், பங்கஸையும் பற்றீரியாவையும். மணக்கிற, நீர் கசிகிற சேற்றுப்புண்ணில் அதனால்தான் முதல் சில நாட்களுக்கு அது உதவும். ஆனால் கழுவினால் போய்விடும். தோலின் மேற்படைக்குள் தங்கி நின்று பங்கஸை அழிக்கிற வேலைக்கு வேறு மருந்து வேண்டும். மேலே வெளுத்துச் சுகமானது போலக் காட்டிவிட்டு அடுத்த மழைக்குத் திரும்பி வருவது இதனால்தான்.

அந்த வேறு மருந்து பங்கஸ் கிறீம். குளோட்றிமசோல் 1 வீதம், மைக்கோனசோல் 2 வீதம், டேர்பினபைன் 1 வீதம் ஆகிய மூன்றில் ஒன்று. முதல் இரண்டையும் நாளுக்கு இரண்டு தரம், மூன்று நாலு கிழமை பூச வேண்டும். டேர்பினபைன் விரலிடுக்குச் சேற்றுப்புண்ணுக்கு ஒரு கிழமையிலேயே வேலை செய்யும், விலை கொஞ்சம் கூட. வட்டத்தின் ஓரத்துக்கு வெளியே இரண்டு சென்ரிமீற்றர் வரை பூசுங்கள். கண்ணுக்குச் சுகமான பிறகும் குளோட்றிமசோலை இரண்டு கிழமை விடக் கூடாது. எல்லோரும் தவறவிடுவது இந்த இரண்டு கிழமையைத்தான், நானும்தான்.

அரச ஆஸ்பத்திரியில் விட்ஃபீல்ட் களிம்பு தந்தாலும் தந்துவிடுவார்கள். பென்சோயிக் அமிலம் 6 வீதமும் சலிசிலிக் அமிலம் 3 வீதமும் கலந்த பழைய மருந்து, தடித்த தோலுக்கு நல்லது. தோல் உரிந்த இடத்திலும் தொடையிடுக்கிலும் போட்டால் நட்சத்திரம் தெரியும்.

என் அட்டவணை: பின்னேரம் கழுவி அயடீன், பத்து நிமிடத்தில் கழுவித் துடைத்தல், படுக்கும்போது கிறீம், விடிய இன்னொரு தரம் கிறீம். அயடீன் ஐந்து நாளோடு நிறுத்தம். கிறீம் மட்டும் தொடர்ந்தது.

6. "உடனே சுகம்" தரும் ரியூப்

சுட்ட புண்ணோடு நான் ஒரு கடையில் காலைக் காட்டினேன். பேர் சொல்லத் தேவையில்லை. ஒரு ரியூப் தந்தார்கள். மூன்றே நாளில் கடி நின்றது, சிவப்பு மறைந்தது, கடைக்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். நிறுத்திய பத்தாம் நாள் இருமடங்காக வந்தது. அதற்குள் அதே துவாயால் காலையும் துடைத்து மேலையும் துடைத்துத் தொடையிடுக்குக்கும் ஏற்றிவிட்டிருந்தேன். அங்கேயும் அதே ரியூப்பைப் பூசினேன்.

அதில் பங்கஸ் மருந்தோடு ஸ்டீரொயிட்டும் இருந்தது. ஸ்டீரொயிட் கடியையும் சிவப்பையும் அமுக்கும். கூடவே தோலின் எதிர்ப்பையும் அமுக்குவதால் பங்கஸ் சத்தமில்லாமல் பரவும். வட்டம் உருமாறிப்போவதால் பிறகு பார்க்கிற டொக்டருக்கும் அடையாளம் பிடிபடாது. ரியூப்பில் பெட்டாமெதசோன், குளோபெட்டசோல் என்ற பேர்களைக் கண்டால் டொக்டர் எழுதித் தராமல் வாங்காதீர்கள். நீங்கள் ஏற்கெனவே பூசியிருந்தால் அந்த ரியூப்பை எறியாமல் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

7. ஈரம்

பங்கஸுக்கு வேண்டியது ஈரமும் சூடும். மார்கழி மழையில் வயலில் நிற்கிறவனிடம் "காலைக் காய வையுங்கள்" என்றால் சிரிப்பான். இயன்றது இவ்வளவு: பூட்ஸைக் கவிழ்த்துக் காய வைத்து, முடிந்தால் இரண்டு சோடி வைத்து மாறி மாறிப் போடுங்கள். வீட்டுக்குள் திறந்த சிலிப்பர். காலுக்கு ஒரு துவாய், மேலுக்கு வேறு துவாய். உள்ளாடையையும் காலுறையையும் கொதிநீரில் அலசி வெயிலில் போடுங்கள். வீட்டில் இன்னொருவருக்கு இருந்தால் இருவரும் ஒன்றாக மருந்து போடுங்கள், இல்லாவிட்டால் மாறி மாறி ஒட்டிக்கொண்டே இருக்கும். காலை நெடுநேரம் மருந்துத் தண்ணியில் ஊற வைப்பதும் வேண்டாம், ஊறிய தோலை இன்னும் ஊற வைப்பதாகிவிடும்.

வெடித்த விரலிடுக்கு எலிக்காய்ச்சல் கிருமிக்கும் வாசல். அயடீன் பூசினால் அது வராது என்று நம்பி இறங்காதீர்கள். வயல் தொடங்க முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் டொக்சிசைக்கிளின் குளிசை இலவசமாகக் கிடைக்கும். கிழமைக்கு ஒரு தரம் குடிப்பது அது, யார் குடிக்கலாம் என்று அவரே கேட்டுத் தருவார். காய்ச்சலும் தசை நோவும் வந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

8. எத்தனை நாள் பார்ப்பது

கிறீம் ஒழுங்காகப் போட்டு இரண்டு கிழமையில் மாற்றமே இல்லை என்றால் காட்டுங்கள். கால் வீங்கினால், சிவப்பு மேலே ஏறினால், தொடையிடுக்கில் நெறி கட்டினால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டிராமல் உடனே போங்கள்.

9. கிளினிக்குக்குப் போவது

நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள். முதலில் பக்கத்துப் பிரதேச வைத்தியசாலையின் ஓபிடியில் காட்டினால் பாதிப் பேருக்கு அங்கேயே அலுவல் முடிந்துவிடும். முடியாவிட்டால் கடிதம் தருவார்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் தோல் கிளினிக் இருக்கிறது. அம்பாறை மாவட்டத்தவர்கள் கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை ஆஸ்பத்திரிகளில் எது கிட்டவோ அங்கே தோல் கிளினிக் எந்த நாள் என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளிலும் மற்ற அரச விடுமுறையிலும் கிளினிக் இராது. கலண்டர் பார்க்காமல் ஒரு போயாவன்று பஸ் ஏறிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டை, கடிதம், பழைய கிளினிக் கொப்பி இருந்தால் அது, ஒரு புதுக் கொப்பி, நீங்கள் குடிக்கிற மற்ற மருந்துகளின் துண்டுச் சீட்டு, பூசிய எல்லா ரியூப்பும் போத்தலும். பிள்ளை என்றால் பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு. திட்டு தொடங்கியபோது போனில் எடுத்த படம் இருந்தால் பொன் மாதிரி.

விடியவே போய் நம்பர் எடுங்கள். பத்து மணிக்குப் போனால் பின்னேரம் வரை இருக்க வேண்டிவரும். பார்ப்பதற்கும் மருந்துக்கும் காசில்லை. மருந்து அங்கே முடிந்திருந்தால் வெளியில் வாங்க எழுதித் தருவார்கள், அதற்குக் கொஞ்சக் காசு கையில் இருக்கட்டும். தனியாரில் காசு கட்டிச் சனல் பண்ணினால் (முன்பதிவு செய்து டொக்டரைப் பார்த்தால்) டொக்டருக்கும் ஆஸ்பத்திரிக்குமாக இரண்டாயிரம் ரூபாவுக்கு மேல் போகும், மருந்து வேறு. வரிசை குறையும், அவ்வளவுதான்.

தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். பொற்றாசியம் ஐதரொட்சைட்டு விட்டுப் பார்க்கிற இந்தப் பரிசோதனை வலிக்காது, விடை பெரும்பாலும் அன்றே வரும். பங்கஸை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்க்க அனுப்பினால் மூன்று நாலு கிழமை எடுக்கும். அன்று காலையில் அயடீனோ கிறீமோ பூசிக்கொண்டு போகாதீர்கள். முந்திய நாட்களில் பூசியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், பங்கஸ் இருந்தும் தெரியாமல் போகும். நான் பழுப்புக் காலோடு போய் இருந்தேன். தாதி பார்த்துவிட்டு, "தம்பி, இது கால் தோலா, தேக்குப் பலகையா?" என்றார். ஒரு கிழமை ஒன்றும் பூசாமல் திரும்பி வரச் சொன்னார்கள்.

குளிசை எழுதினால் ஈரல் வருத்தம் இருந்ததா, மது பழக்கமா என்று கேட்பார்கள், இரத்தமும் எடுக்கலாம். அங்கே வெட்கம் பார்க்காதீர்கள். கால் நகத்துக்கு டேர்பினபைன் குளிசை பொதுவாக 12 கிழமை. குளிசை முடிந்தாலும் கெட்ட நகம் அப்படியே இருக்கும், புது நகம் அடியிலிருந்து வளர்ந்துதான் அதைத் தள்ள வேண்டும். பெருவிரலுக்கு அதற்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ எடுக்கும். என் கால் பெருவிரல் நகத்துக்கும் பங்கஸ் ஏறியிருந்தது, அதில் புது நகம் இப்போது பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்திருக்கிறது.